சில்வண்டின் ஒரு வாக்கியம்

பிப்ரவரி 3

என் அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? கத்திக் கத்திக் கட்டிப்போய்விட்டது என்று போன தடவை எழுதியிருந்தாய். வெந்நீர் குடி. ஈரத்தில் நிற்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? உன்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டால்தானே ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

அக்கா, இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கம்பெனி ஆபீஸில் போன் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு போனுக்குப் பத்துக் காது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் தையல் கூடத்தில் தீப்பிடித்துவிட்டது. இரண்டாவது மாடி. துணி மூட்டை அடுக்கிய பக்கம்தான் முதலில் புகை வந்ததாம். பெண்கள் எல்லோரும் கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். கதவு வெளியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அது எப்போதுமே பூட்டித்தான் இருக்கும். தைத்த சட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்களாம், பாத்ரூம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். அதற்காக. சாவி வைத்திருந்த ஆள் சாப்பிடப் போயிருந்தான். ஒன்பது பெண்கள், அக்கா.

நெட்டையை உனக்கு நினைவிருக்கும். கம்பெனி கொடுத்த வீடுகளில், எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண். நீ இங்கே வந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "சில்வண்டு பெரியம்மா, உங்களவிட நான் நல்லா கத்துவேன்" என்று உன் சினிமாக் குரலில் உன்னிடமே பேசிக் காட்டினாளே, அவள். கதவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். உயரத்தை வைத்துத்தான் அவள் அம்மாவால் அடையாளம் சொல்ல முடிந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஏழாம் பக்கத்தில் நாலு வரி. மின்கசிவாம். அதே பக்கத்தில் நீ வழுக்கி விழுகிற படம், கால் பக்கத்துக்கு. கதவு என்ற சொல்லே எங்கும் இல்லை.

இவர் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர், உனக்குத் தெரியும். "நமக்கெதுக்கு? வாயத் தொறந்தா வீடும் போச்சு, வேலையும் போச்சு" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் கடைசி வீட்டு வழியாகத்தான் நான் தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள்.

நீ தும்மினால்கூடச் செய்தி போடுகிறவர்கள் அவர்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போடாமலா போவார்கள்? உனக்குப் பழக்கமான பத்திரிகைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பார்.

குட்டி உன்னைக் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பாப்பா

---

பிப்ரவரி 14

பாப்பாவுக்கு,

நான் சுகமாகவே இருக்கிறேன். தொண்டை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து வழக்கத்தைவிடச் சாய்ந்திருக்கிறது.

கடிதத்தைப் படித்துவிட்டு மேக்கப் போட உட்கார்ந்தேன். கண்ணில் மை நிற்கவில்லை. மேக்கப் போடுகிற அம்மா மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு எழுதியிருந்த காட்சி, கதவு என்று நினைத்துக் கண்ணாடியில் மோதிக்கொள்வது. எடுத்து முடித்தோம். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குத் தெரிந்த நிருபர் ஒருவர் இருக்கிறார். பேட்டிக்கு வந்தால் என் எடையைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பேனாவை எடுக்கவே இல்லை. "மேடம், கடைசிப் பக்கம் முழுக்க யாரோட விளம்பரம்னு பாத்தீங்களா? அந்தக் கம்பெனி சட்டைதான். விடுங்க. புதுப் படத்துல குரங்கோட நடிக்கிறீங்களாமே, அதச் சொல்லுங்க" என்றார். குரங்கைப் பற்றிச் சொன்னேன். அது மறுநாளே வந்துவிட்டது.

பாப்பா, நான் சிரிப்பு நடிகை. வீடு எரிகிறது என்று நான் கத்தினாலும் ஜனங்கள் பாப்கார்னைக் கீழே வைக்க மாட்டார்கள். இருந்தாலும் பார்க்கிறேன். இந்த மாதக் கடைசியில் ஒரு விருது விழா இருக்கிறது. எனக்கும் ஒன்று தருகிறார்களாம்.

கடைசி வீட்டு அம்மாவிடம் எதுவும் சொல்லிவைக்காதே. மாப்பிள்ளையிடமும்தான். குட்டிக்கு என் முத்தம்.

அக்கா

---

மார்ச் 2

பாப்பா,

நீங்கள் எல்லோரும் நலம்தானே? அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லையே? முதலில் அதை எழுது.

நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அங்கே நடந்ததை நானே சொல்கிறேன், நாளைக்கு யார் யாரோ எப்படி எப்படியோ சொல்வார்கள்.

விருதைக் கையில் கொடுத்துவிட்டு நிகழ்ச்சி நடத்துகிற பையன், "ரசிகர்களுக்காக உங்க ஸ்டைல்ல ஒரு வார்த்தை!" என்றான். முன்வரிசையில் மந்திரி. பக்கத்தில் நம் பெரிய ஹீரோ.

"போன மாசம் ஒரு தையல் கம்பெனில ஒம்பது பொண்ணுங்க வெந்து செத்தாங்க" என்றேன்.

சிரித்தார்கள், பாப்பா. கூடம் முழுக்கச் சிரித்தது. நான் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக அவர்களைப் பழக்கியிருக்கிறேனே. "கதவு வெளில பூட்டியிருந்துது" என்றேன். ஒருவன் விசிலடித்தான்.

பிறகு என்னையறியாமல் என் சொந்தக் குரல் வந்தது. அதை மைக்கில் நான் கேட்டதே இல்லை. நம் அம்மா பேசுகிற மாதிரி இருந்தது. "நான் சிரிக்க வைக்க வரலீங்க. கதவ எதுக்குப் பூட்டி வெச்சீங்கன்னு யாராவது கேளுங்க. அவ்வளவுதான்" என்றேன்.

அதற்குப் பிறகு ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான். ஹீரோ தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் ஓடிவந்து, "அடுத்து ஒரு அசத்தலான நடனம்!" என்றான். இறங்கும்போது படியில் கால் இடறியது. அதற்கு மறுபடியும் சிரித்தார்கள்.

காலையில் பத்திரிகையைப் பார்த்தேன். "சில்வண்டுக்கு எதற்கு அரசியல்?" தலையங்கமே எழுதிவிட்டார்கள். நடிகை என்றால் நடிக்க வேண்டுமாம். புகழை வைத்துக்கொண்டு பாமர மக்களைக் குழப்பக் கூடாதாம். எந்தக் கம்பெனி, எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. நான் உடுத்தியிருந்த துணியின் விலையை மட்டும் போட்டிருந்தார்கள். அது வாடகைத் துணி.

கடைசி வீட்டு அம்மா கேட்டாளா?

அக்கா

---

மார்ச் 10

என் அக்காவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நீ தைரியமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கேட்டாள் அக்கா. கம்பெனி மன்றத்து டிவி முன்னால் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீ பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டாள். யாரும் மறைக்கிறது என்று சொல்லவில்லை. நீ இறங்கிப் போன பிறகும், ஆட்டம் ஆடினார்களே, அப்போதும் அங்கேயே நின்றாள். என்னிடம் வந்து, "கதவுன்னு சொன்னாங்கல்ல? நான் சரியாத்தானே கேட்டேன்?" என்றாள். ஆமாம் என்றேன். "போதும்" என்றாள். அன்று அடுப்பு மூட்டினாளாம். அதற்கு முன்னால் பல நாளாக அந்த வீட்டில் புகை இல்லை.

அடுத்த நாள் அதிகாரிகள் இரண்டு காரில் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். கதவை ஒரு கல்லை வைத்துத் திறந்து நிறுத்தியிருந்தார்கள். காற்று நன்றாக வந்ததாம்.

இவர் மூன்று நாளாக வீட்டில் பேசவில்லை. நேற்று சாப்பிடும்போது, "வெளிய இருக்கறவளுக்கு உள்ள நடந்தது எப்படித் தெரிஞ்சுதுன்னு மேனேஜர் கேட்டார்" என்றார். நான் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் கவரின் மேல் உன் பெயரை எழுதாதே.

பாப்பா

---

மார்ச் 29

பாப்பாவுக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, உடம்பு தேறிவிடும்.

குரங்குப் படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். குரங்கு இருக்கிறது. முடிந்துபோன இன்னொரு படத்தில் என் குரலை மட்டும் அழித்துவிட்டு வேறொருத்தியைப் பேச வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நான் ஓடுகிறேன், விழுகிறேன், வாயசைக்கிறேன். சத்தம் என்னுடையது இல்லை. நன்றாகத்தான் பேசியிருக்கிறாள், அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லக் கூடாது.

அதை விடு. ஹீரோ பேசியதை நீ படித்திருப்பாய். உங்கள் முதலாளி கட்டிய ஆஸ்பத்திரியைத் திறந்துவைக்கப் போனவர், "தொழில் செஞ்சு சோறு போடறவங்கமேல கல்லெறியாதீங்க. ஆட்சி நல்லா நடக்குது, அதுக்குப் பக்கபலமா நில்லுங்க" என்று முழங்கியிருக்கிறார். அதே பத்திரிகை அதை முதல் பக்கத்தில் எட்டுப் பத்தியில் போட்டிருக்கிறது. "கலைஞனின் பொறுப்புணர்ச்சி." தலையங்கமும் உண்டு. புகழ்பெற்றவர்கள் மௌனமாக இருப்பது சமூகத் துரோகமாம். இரண்டு தலையங்கத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரே பேனா, பாப்பா. "ஐயமின்றி" என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியருக்கே போன் போட்டேன்.

"சார், நானும் நடிகை, அவரும் நடிகர். நான் பேசினா குழப்பம், அவர் பேசினா பொறுப்பா?"

"அம்மா, நீங்க பேசினது அரசியல். அவர் பேசினது கருத்து."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"உங்ககிட்ட பேசினாலே சிரிப்பு வருதும்மா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எனக்கும் ஒரு சந்தேகம் வருகிறது. ஒன்பது பெண்கள் செத்ததற்கு நாலு வரி. வழுக்கி விழுகிறவள் ஒருத்தி அதைச் சொன்னதற்குத் தலையங்கம். அப்படியானால் அந்தப் பெண்களைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை, என்னைப் பற்றித்தான் பேசினார்கள். நான் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

சங்கிலி இப்போது இருக்கிறதா, இல்லையா? எழுது.

அக்கா

---

ஏப்ரல் 25

பாப்பா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? குட்டிக்குக் காய்ச்சலா? கவரின் மேல் என் பெயரை எழுதவில்லை, கவனமாகத்தான் இருக்கிறேன்.

வீடு மாறிவிட்டேன். பழைய வீடு ஒரு ஆளுக்கு ரொம்பப் பெரிது, பெருக்கிக் கட்டுப்படியாகவில்லை. புது விலாசம் பின்னால் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் வராது, அது ஒரு வசதி.

ஒரு வரி போதும்.

அக்கா

---

மே 8

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை. நாங்களும் வீடு மாறினோம். மேல் வரிசையில், ஆபீஸ்காரர்கள் குடியிருக்கிற பக்கம் கொடுத்திருக்கிறார்கள். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்காக அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. இவரை ஆபீஸுக்கு மாற்றியிருக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலை. முதுகுவலி குறைந்திருக்கிறது. குட்டி பள்ளியில் பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள்.

நீ பத்திரிகை எல்லாம் படிக்காதே. கண்ணுக்குக் கெடுதல்.

பாப்பா

---

மே 16

என் பாப்பாவுக்கு,

குழாய் வீட்டுக்குள் வந்தது நல்லது. உன் இடுப்புக்கு அந்தக் குடம் சுமப்பது ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையின் முதுகு தேவலை என்பதிலும் எனக்குச் சந்தோஷம். நான் தினமும் நடக்கிறேன். காரில் போய் வந்த காலத்தைவிட இப்போது மூச்சு சீராக இருக்கிறது.

நீ சொல்வதற்கு முன்பே ஒரு பத்திரிகையைப் பார்த்துவிட்டேன். டீக்கடையில் மேசைமேல் கிடந்தது. அதில் உன் படம். புது வீட்டு வாசலில் நிற்கிறாய். மெலிந்திருக்கிறாய். படத்துக்குக் கீழே, "கதவு திறந்தே இருந்தது. அக்கா சின்ன வயசிலிருந்தே இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்வாள்: சில்வண்டின் தங்கை" என்று போட்டிருந்தது.

நாம் சொல்லாததைச் சொன்னதாகப் போடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அந்தக் குரங்கோடு கல்யாணமே பண்ணி வைத்தவர்கள். அதனால் நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை அக்கா என்று ஒரு வரி எழுதினால், மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். யாரிடமும் காட்ட மாட்டேன். எழுதாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. எனக்கு யார் சொன்னார்கள் என்று யார் கேட்டாலும், கனவில் வந்தது என்றுதான் சொல்லிவருகிறேன். இனியும் அதேதான்.

குட்டி என்ன பாட்டுப் பாடினாள்?

அக்கா

---

ஜூலை 20

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடித்தால் தொண்டைக்கு இதம்.

குட்டிக்குப் பல் ஒன்று பிடுங்கினோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. மேல் வரிசையில் கொசு குறைவு. இவர் ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், சுழலும். குட்டி ஞாயிற்றுக்கிழமை போய் அதில் உட்கார்ந்து சுற்றிவிட்டு வந்தாள்.

தீ விஷயமாக விசாரணை முடிந்துவிட்டதாம். மின்கசிவு என்று தீர்ப்பு. கடைசி வீட்டு அம்மாவைக் கம்பெனி முற்றம் பெருக்குகிற வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேனேஜர் மனைவி உன் ரசிகையாம். கையெழுத்துப் போட்ட படம் ஒன்று அனுப்ப முடியுமா? பழைய படமாக இருந்தாலும் பரவாயில்லை. டிவியில் உன்னைப் பார்க்க முடிவதில்லையே என்று கேட்டார்.

ஹீரோ கட்சி தொடங்குகிறாராமே.

குட்டி பாடியது மழைப் பாட்டு.

பாப்பா

---

செப்டம்பர் 12

பாப்பாவுக்கு,

படம் தனியாக அனுப்பியிருக்கிறேன். மேனேஜர் மனைவிக்கு நீண்ட ஆயுள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு உடம்பு தேவலையா? எனக்கு மழையில் நனைந்து இருமல் வந்தது, போய்விட்டது. இந்த வீட்டில் சுவர் ஊறுகிறது, அதனால்தான்.

ஹீரோ என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தன் காரையே அனுப்பினார். வீட்டுக்குள் நுழையும்போதே எழுந்து நின்று கும்பிட்டார். நல்ல மனிதர் என்றே தோன்றுகிறது, அதுதான் கஷ்டம்.

"அன்னிக்கு நீங்க பேசினது எனக்கும் வலிச்சுதும்மா" என்றார். "ஆனா தனியா நின்னு பேசினா அது சத்தம். கட்சியில நின்னு பேசினாத்தான் குரல். தேர்தலுக்கு எங்ககூட வாங்க. நான் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஜனங்களக் கொஞ்சம் சிரிக்க வெச்சு உட்கார வெக்கணும். உங்களவிட்டா யாரு?"

"அப்போ அந்தக் கதவப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா. ஜெயிச்சதுக்கு அப்புறம்."

பக்கத்து அறையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்சிக்குப் பொருளாளராம். எழுந்து வந்து எனக்கும் ஒரு கப் நீட்டினார். உங்கள் முதலாளி. "நான் உங்க ரசிகன்" என்றார். நான் வாங்கிக் குடித்தேன், பாப்பா. சூடாக இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு மறுநாள் பத்திரிகையைப் பார்க்க வேண்டும் நீ. "சில்வண்டின் அரசியல் முதிர்ச்சி." கலைஞர்கள் பொதுவாழ்வுக்கு வருவது காலத்தின் கட்டாயமாம், ஐயமின்றி. அந்த ஆசிரியர் போன் போட்டு வாழ்த்தினார். நான் இப்போது பேசப்போவது அரசியலா, கருத்தா சார் என்று கேட்கலாம் என்று நாக்கு வரை வந்தது. நன்றி சார் என்றேன்.

பேச வேண்டியதை எழுதியே கொடுக்கிறார்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விழ வேண்டும் என்று குறித்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் உங்கள் கம்பெனி மைதானத்திலும் கூட்டம் இருக்கிறது. நீ வந்தால் முன்வரிசையில் உட்காராதே.

அக்கா

---

நவம்பர் 4

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? மேடையில் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. அத்தனை பவுடருக்கும் அடியில் தெரிந்தது. சாப்பிடு.

நீ சொன்னபடி பின்னால்தான் நின்றேன். கம்பெனிக்கு அரை நாள் விடுமுறை விட்டு லாரியில் எல்லோரையும் கொண்டுவந்து இறக்கினார்கள். மேல் வரிசைப் பெண்கள் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். நீ வந்து ஹீரோ மாதிரி நடந்து காட்டியதும் மைதானமே அதிர்ந்தது. குட்டிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

உனக்கு வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும், கீழே சரியாகத் தெரிந்திருக்காது. அதனால் சொல்கிறேன். நடுவில் எழுந்து நின்றாளே ஒருத்தி, அவள் நெட்டையின் அம்மாதான். வேலைத் துணியோடு துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். "அம்மா, அன்னிக்கு டிவில சொன்னீங்களே, கதவு... அத இங்க சொல்லுங்கம்மா. எல்லாரும் இருக்காங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் உனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும்.

நீ மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாய். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஐயோ, சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். இரண்டையும் நான்தான் நினைத்தேன், அக்கா.

பிறகு நீ அந்தக் கீச்சுக் குரலில், "கதவா? எங்க வீட்டுக் கதவத் தொறந்தா பூனைகூட என்னப் பாத்துட்டு, 'வீட்டுல யாருமில்ல'ன்னு திரும்பிப் போயிடுது!" என்றாய். ஜனங்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். இவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன்.

அவள் உட்காரவில்லை. நீ சிரிப்பு முடிந்து அதற்கு வருவாய் என்று நின்றுகொண்டே இருந்தாள். நீ கும்பிட்டுவிட்டு உள்ளே போனாய், ஹீரோ வந்தார், வெடி வெடித்தார்கள். அவர் பேசி முடிக்கிறவரைக்கும் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவளோடு கீழ் வரிசை வரை நடந்தேன். இவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். இருந்தாலும் போனேன். அவள் உன்னைத் திட்டவில்லை. "உங்கக்கா சொல்லத்தான் வந்தாங்க. வாயெடுத்தாங்க, பாத்தேன். அதுக்குள்ள அவர் வந்துட்டார், நேரமில்ல. பாவம்" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு எழுதத் தெரியாது. நீ ஒரு கடுதாசி போடு. அடுத்த ஊர்லயாவது சொல்லச் சொல்லு" என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன்.

பதில் போடும்போது இந்த விஷயம் எதுவும் வேண்டாம். இப்போதெல்லாம் தபாலை இவர்தான் ஆபீஸில் வாங்கிக்கொண்டு வருகிறார்.

பாப்பா

---

டிசம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். தொண்டைக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், பேசுவதற்கு ஒரு தடையும் இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து ஊர் பாக்கி இருக்கிறது. எல்லா இடத்திலும் நல்ல கூட்டம்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். குட்டியை நன்றாகப் படிக்க வை. குளிர் காலம், எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா